பழைய போனோகிராஃபின் விலையை அறிய: மதிப்பீட்டாளரா, ஏலப் பதிவுகளா?

எடிசன் நிறுவனம் 1911இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஓபரா’ வகை போனோகிராஃப் (உருளையில் பதிந்த ஒலியை ஊசி கொண்டு ஒலிக்கச் செய்யும் கருவி) ஒன்றின் விலையை நான் அறிய வேண்டியிருந்தது. பெரும்பாலான எடிசன் கருவிகளில் உருளை ஓரிடத்தில் நின்று சுழல, ஊசியைத் தாங்கும் தலை அதன்மேல் நகர்ந்து செல்லும். ஓபராவில் தலையும் ஒலி வெளிவரும் குழலும் அசையாமல் நிற்க, உருளையே சுழன்றபடி பக்கவாட்டில் நகரும். எளிதில் கிடைக்காத இப்படிப்பட்ட ஒன்றுக்கு விலை சொல்ல, இணைய விற்பனைப் பக்கங்கள், ஏல நிறுவனம் தரும் இலவச மதிப்பீடு, கட்டணம் வாங்கும் மதிப்பீட்டாளர், முடிந்துபோன ஏலங்களின் விற்பனைப் பதிவுகள் என நான்கு வழிகள் இருந்தன. நான் நான்காவதைத் தேர்ந்தேன். கருவியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு பழுதுநீக்குநரின் துணையோடுதான் தேர்ந்தேன். அந்தத் துணை இல்லாவிட்டால் ஏலப் பதிவுகளும் மற்றவற்றைப் போலவே ஆளைத் திசைதிருப்பிவிடும்.

இணைய விற்பனைப் பக்கங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. நியாயமான விலைக்கு வந்தவை விரைவில் விற்று மறைந்துவிட, விற்காமல் தேங்கியவையே தொடர்ந்து கண்ணில் படுகின்றன. ஆகவே அங்கே பார்த்துக் கணக்கிடும் சராசரி எப்போதும் மேல்நோக்கியே சாயும். அச்சிட்ட விலைக் கையேடுகள் மாதிரியை அடையாளம் காண உதவும், ஆனால் அவற்றிலுள்ள விலைகள் அச்சேறும்போதே பழையவை.

ஏல நிறுவனத்தின் மதிப்பீடு இலவசம்தான். ஆனால் பொருள் தங்கள் ஏலத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத் தரப்படுவது அது. ஏலம் கேட்பவர்களை இழுப்பதற்காக மதிப்பீட்டைச் சற்றுத் தாழ்த்தி வைப்பது அத்தொழிலில் இயல்பு. விற்பவர் நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலையும் அந்தத் தாழ்ந்த எண்ணுக்குள்ளேயே அடங்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, பெரும்பாலும் நிழற்படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

மதிப்பீட்டாளரை நான் ஒதுக்கிவிடவில்லை. காப்பீடு, பாகப்பிரிவினை, அருங்காட்சியகத்துக்கு நன்கொடை ஆகியவற்றுக்குக் கையெழுத்திட்ட சான்று தேவை. அங்கே வேறு வழியில்லை. அவரிடம் போகும்போது எந்த மதிப்பைக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். காப்பீட்டுக்கான மாற்று மதிப்பு, அதே போன்ற ஒன்றைக் கடையில் தேடி வாங்க ஆகும் செலவைக் குறிப்பதால், சந்தையில் விற்றால் கிடைக்கும் தொகையைவிட வழக்கமாகவே உயர்ந்திருக்கும். அந்தச் சான்றைக் காட்டி விற்பனை விலை பேச முடியாது. மதிப்பிடுபவரே ‘நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்றாலோ, மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்டாலோ, அங்கிருந்து எழுந்துவிடலாம். அமெரிக்காவின் தொழில்முறை மதிப்பீட்டு நெறிகள் இந்தச் சதவீதக் கட்டணத்தை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. என் தயக்கம் வேறொன்றில். மரச்சாமான், கடிகாரம், பீங்கான், போனோகிராஃப் அனைத்துக்கும் ஒருவரே விலை சொல்லும்போது, இயந்திரத்தை அது பொருந்திய தகட்டோடு தூக்கி அடியில் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருப்பது அரிது. இந்தக் கருவிகளின் விலையைத் தீர்மானிப்பதோ, அடியில் இருப்பதுதான்.

பாகங்கள் பிறவியிலேயே அந்தக் கருவிக்கு உரியவையா என்ற ஒரே கேள்வியில்தான் விலை ஏறுகிறது, இறங்குகிறது. ஓபராவில் முதலில் பார்க்க வேண்டியது மரக்குழல். தனித் தாங்கி இல்லாமல் கருவியின் மேலேயே நிற்கும் அந்தக் குழல் இல்லாமல் எத்தனையோ கருவிகள் வருகின்றன. அதற்காகவே புதிதாகச் செய்து விற்கும் குழல்களும் உள்ளன, அவற்றுள் சில மிக நன்றாகவே செய்யப்பட்டவை. என் கருவியின் குழலைப் பழுதுநீக்குநர் வெளிச்சத்தில் சாய்த்து, மரத்துண்டுகள் சேரும் கோடுகளில் அழுக்கு எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். உள்பக்கத்து வார்னிஷ் நுண்ணிய வலையாக வெடித்திருந்ததையும், கழுத்துப் பகுதியில் கைபட்டுக் கறுத்திருந்ததையும் காட்டினார். பிறகு இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து தூக்கினார். திருகுகளின் தலைகள் சிதையாமல் இருந்தன. மரத்தில் உபரித் துளை எதுவும் இல்லை. உபரித் துளை இருந்தால், வேறொரு கருவியின் இயந்திரம் அந்தப் பெட்டிக்குள் குடியேறியிருக்கிறது என்று பொருள்.

மற்ற எடிசன் மாதிரிகளில் தலையைக் கவனிக்க வேண்டும். 1908இல் நான்கு நிமிட ‘அம்பரோல்’ உருளைகள் வந்தபோது, உருளையில் ஒலி பதிந்த வரிகள் அங்குலத்துக்கு 100 என்பதிலிருந்து 200 ஆயின. பழைய உருளைக்கு ‘சி’ வகைத் தலை, புதியதற்கு ‘எச்’, இரண்டுக்கும் பொதுவாகக் ‘கே’. பழைய கருவிகளை நான்கு நிமிடத்துக்கு மாற்றும் பற்சக்கரத் தொகுதியை எடிசன் நிறுவனமே விற்றது. ஆகவே அந்த மாற்றம் குறையாகாது. நேற்றுப் பொருத்திய நகல் தலைதான் குறை. காப்புரிமைத் தேதிகள் பொறித்த தகட்டில் கடைசித் தேதியைப் பார்த்தால், கருவி அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதாவது உறுதியாகும். உருளைக்குப் பதில் இசைத்தட்டைச் சுழற்றும் 1920களின் தட்டுக் கருவிகளில், ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் ஒலிப்பெட்டியையே முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். 1925இல் வந்த விக்டர் நிறுவனத்தின் ஆர்த்தோஃபோனிக் ஒலிப்பெட்டி போன்றவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை என்பதால், காலப்போக்கில் உப்பி வெடித்துவிடுகின்றன.

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். குழலைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாயின் படத்தை ஃபிரான்சிஸ் பாரோ முதலில் உருளைக் கருவியோடுதான் வரைந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனிக்காகத் தட்டுக் கருவியாக மாற்றித் தீட்டினார். அந்த வணிகச் சின்னம் தட்டுக் கருவிகளுக்கே உரியது. உருளைக் கருவியின் பெட்டியில் நாய் உட்கார்ந்திருந்தால், யாரோ ஒட்டி வைத்தது. பளபளக்கும் பித்தளைக் குழலும் எண்கோணப் பெட்டியுமாக வருபவற்றில் பெரும்பகுதி அலங்காரத்துக்காக அண்மையில் கோத்தவை. அவற்றுக்கு ஏலப் பதிவு தேடுவதே வீண்.

இத்தனையும் தெரிந்த பிறகுதான் ஏலப் பதிவுகள் பேசத் தொடங்குகின்றன. ஒரே மாதிரி, ஒரே குழல், ஒத்த நிலை என்று மூன்றும் பொருந்துபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, விவரக் குறிப்பில் ‘புதுப்பிக்கப்பட்டது’, ‘பிற்காலக் குழல்’ போன்ற சொற்கள் உள்ளவற்றைத் தனியே வைத்தேன். அச்சொற்கள் உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையிலான விலை இடைவெளிதான், அசலான பாகத்துக்குச் சந்தை உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதைக் காட்டுகிறது. வெளியிடப்படும் தொகையில், ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வசூலிக்கும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அது பல இடங்களில் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதில் விற்பவருக்கு ஒன்றும் வராது, அவரிடமிருந்தும் தரகு பிடிப்பார்கள். விற்காமல் திரும்பிய பொருள்களையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் விலையின் உச்சவரம்பு அங்கேதான் தெரியும். இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிய தனி உச்சத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரிய சேகரிப்பு ஒன்று மொத்தமாக ஏலத்துக்கு வந்த நாளின் விலைகளையும் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

இந்த வழியின் குறை, உழைப்பு. பல மாலைகளைத் தின்றுவிடும். பொது ஏலங்களைவிட இயந்திர இசைக் கருவிகளுக்கென்றே நடத்தப்படும் ஏலங்களின் பதிவுகள் நம்பகமானவை என்றாலும், அவற்றைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும். கையில் இருப்பது எடிசன் ‘ஸ்டாண்டர்ட்’ போல ஏராளமாகச் செய்யப்பட்ட கருவி என்றால் இவ்வளவு பாடு தேவையே இல்லை. அண்மைய விற்பனைகள் சிலவற்றைப் பார்த்தாலே போதும்.

மறுமுனையில், 1878ஐ ஒட்டிய, ஈயத்தாளில் ஒலியைப் பதிக்கும் போனோகிராஃப்களுக்கு என் வழி எடுபடாது. அவை ஏலத்துக்கு வருவது மிக அரிது, நகல்களோ நிறைய. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் ஒப்பீடு எதற்கு? அங்கே அந்தக் காலக் கருவிகளை மட்டுமே அறிந்த வல்லுநரிடம் கட்டணம் கொடுத்துப் போவதே முறை. காசு போட்டுக் கேட்கும் கருவிகளை நான் அதிகம் கையாண்டதில்லை. காசு வாங்கும் பொறிமுறை முழுமையாக இருப்பதும் இல்லாததும் விலையை வெகுவாக மாற்றும் என்பதால், அவற்றிலும் வல்லுநர் பக்கமே சாய்வேன்.