'த ஒஃபிஸ்' அமெரிக்கப் பதிப்பு: முழுத் தொடர் இறுவட்டுத் தொகுப்பு

பிரித்தானிய நகைச்சுவைத் தொடர் ஒன்றை அமெரிக்கர் தமக்கென மீண்டும் எடுக்கும்போது மூலத்தின் கூர்மை மழுங்கிப் போகும் என்று நம்புகிறவர்களுக்கும் 'த ஒஃபிஸ்' தொடரின் அமெரிக்கப் பதிப்பைத் துணிந்து சிபாரிசு செய்வேன். ஆனால் அதன் முதற் பருவத்தை வைத்து மட்டும் அதை எடை போடக்கூடாது. கனடாவிலிருந்து வந்த தங்கை கொண்டுவந்து தந்த முழுத்தொகுப்பை அண்மையில் பார்த்து முடித்தேன். ஒன்பது பருவங்கள், 201 அங்கங்கள். தொடக்கத்தில் தடுமாறி, இரண்டாம் பருவத்திலிருந்து தனக்கென ஓர் உயிரைப் பெற்றுக்கொள்ளும் தொடர் இது.

மூலத்தொடரை ரிக்கி ஜேர்வைஸும் ஸ்டீபன் மேர்ச்சன்ட்டும் உருவாக்கினார்கள். அது 2001இல் பி.பி.சி.யில் தொடங்கியது. லண்டனுக்கு அருகே உள்ள ஸ்லௌ நகரில் கடதாசி விற்கும் கம்பனி ஒன்றின் கந்தோரை ஆவணப்படக் குழு ஒன்று படம் பிடிக்கிறது என்பதே அதன் பாவனை. ஆறு அங்கங்கள் வீதம் இரண்டு பருவங்களும், 2003 நத்தாருக்கு இரண்டு பகுதிகளும் எடுத்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கிரெக் டானியல்ஸ் அதை அமெரிக்காவுக்குத் தழுவி எடுக்க, 2005 மார்ச் 24 அன்று என்.பி.சி. அலைவரிசையில் முதல் அங்கம் ஒளிபரப்பானது. அந்த அங்கம் மூலத்தை ஏறத்தாழக் காட்சிக்குக் காட்சி ஒற்றியெடுத்தது. சக ஊழியரின் ஸ்டேப்ளரை ஜெலிக்குள் புதைத்து வைக்கும் பகிடிகூட அப்படியே வந்தது. மூலத்தில் முகாமையாளராக நடித்த ஜேர்வைஸின் உடலுக்கும் குரலுக்கும் அளவெடுத்துத் தைத்த வசனங்களை ஸ்டீவ் கரெல் பேசும்போது அவை அவரிடம் ஒட்டவில்லை. ஆறே அங்கங்கள் கொண்ட அந்தப் பருவத்தில் கரெல் நடிக்கும் கிளை முகாமையாளர் மைக்கல் ஸ்கொட் வெறுமனே வெறுப்பூட்டும் ஒரு மனிதராகவே தெரிகிறார்.

இரண்டாம் பருவத்தில் எழுத்தாளர்கள் ஒரு முக்கியமான முடிவை எடுத்ததாகத் தெரிகிறது. பிரித்தானிய முகாமையாளர் டேவிட் பிரென்ட் பிறர் தன்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்று ஏங்குபவர். மைக்கலோ கந்தோரில் உள்ளவர்கள் தன் குடும்பமாக இருக்க வேண்டும் என்று ஏங்குபவர். இந்த ஒரு மாற்றமே தொடருக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது என்பது என் உறுதியான எண்ணம். அதே பருவத்தில், ஒரு பெரிய வாடிக்கையாளரைச் சாதாரண உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசி, மேலதிகாரி பொறுமையிழந்து நிற்கும்போது மைக்கல் வியாபாரத்தை முடித்துக் காட்டுகிறார். நிர்வாகம் தெரியாத இவருக்கு விற்கத் தெரியும். எனவே இவர் ஏன் அந்த நாற்காலியில் இருக்கிறார் என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்துவிடுகிறது.

அமெரிக்கப் பதிப்பில் வரும் கடதாசிக் கம்பனியான டண்டர் மிஃப்லினின் தலைமையகம் நியூயோர்க்கில் உள்ளது. கதை நடப்பதோ பென்சில்வேனியாவில், ஒருகாலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த ஸ்க்ரான்டன் நகரத்துக் கிளையில். கிளையை மூடப் போகிறார்களாம், ஆட்குறைப்பு வருகிறதாம் என்ற பேச்சு அங்கே ஓய்வதேயில்லை. கொழும்புத் தலைமையகத்திலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்பில் முகம் மாறும் யாழ்ப்பாணத்துக் கிளைக் கந்தோர்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய கனவு எதுவும் இல்லாத வேலை, ஆண்டுக்கணக்கில் அருகருகே இருந்தும் பிடிக்காத பக்கத்து மேசைக்காரர், அவருக்கே ஒரு துன்பம் வந்தால் முதலில் எழுந்து செல்லும் கால்கள் – இவற்றை இத்தொடர் நன்றாக அறிந்திருக்கிறது.

மூன்றாம் பருவத்தில் ஒரு காட்சியை நான் இத்தொடரின் உச்சமாகக் கருதுகிறேன். வரவேற்பாளர் பாம் தன் நீர்வண்ண ஓவியங்களைச் சிறிய கண்காட்சி ஒன்றில் வைக்கிறாள். கந்தோரில் எல்லோரையும் அழைத்திருந்தும் வந்தவர்கள் மிகச் சிலர். வந்த ஒருவரும் அவருடைய துணைவரும் அவள் பின்னால் நிற்பது தெரியாமல் அவளது ஓவியத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள். அவள் படங்களைக் கழற்றத் தொடங்கும் வேளையில் மைக்கல் தாமதமாக வந்து சேர்கிறார். அன்று அவரும் வேறோரிடத்தில், தன் கம்பனிக்கு எதிர்காலமே இல்லை என்று தன் ஊழியன் ஒருவன் வகுப்பறையில் சொன்னதைக் கேட்டு அவமானப்பட்டவர். தங்கள் கந்தோர்க் கட்டடத்தை அவள் வரைந்திருப்பதைப் பார்த்துத் தன் ஜன்னலையும் தன் காரையும் இனங்கண்டு மலைத்து நிற்கிறார். அதை விலைக்குக் கேட்கிறார். அவள் கண் கலங்கி அவரை அணைக்கும்போது அவருடைய உடுப்புப் பைக்குள் இருக்கும் சொக்லேட் இடிக்கிறது. சிரிப்பும் கண்ணீரும் ஒரே நொடியில் வருகின்றன. இப்படியொரு காட்சி பிரித்தானிய மூலத்தில் இல்லை. அதன் கறாரான இயல்புக்கு அது பொருந்தியும் இராது.

பின்னணியில் சிரிப்பொலி சேர்க்கப்படாத தொடர் இது. ஒருவர் அசட்டுத்தனமாக எதையோ சொன்ன பின் வரும் மௌனத்தையும், விற்பனையாளர் ஜிம் கமெராவை நோக்கி வீசும் ஒரு கணப் பார்வையையும் நாமே கவனித்துச் சிரிக்க வேண்டும். பழகுவதற்குச் சில அங்கங்கள் எடுக்கும்.

தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. கந்தோர் ஊழியர்களில் ஒருவரான கெலி கபூராக நடித்த மின்டி கேலிங் இத்தொடரின் முக்கிய எழுத்தாளர்களில் ஒருவர். அவருடைய குடும்பப் பெயர் சொக்கலிங்கம், தந்தை தமிழர். 2006இல் வந்த தீபாவளி அங்கத்தை அவரே எழுதினார். கெலியின் பெற்றோராக அதில் தோன்றுபவர்கள் அவருடைய சொந்தப் பெற்றோரே. அந்த அங்கத்தில் பகிடிக்கு உள்ளாவது பண்டிகை அல்ல. அதைப் பற்றி எதுவும் தெரியாமல் பேசும் சக ஊழியர்களின் அறியாமையே. புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர் தன் வீட்டுப் பண்டிகையை அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இவ்வளவு தன்னம்பிக்கையோடு கொண்டுசென்றது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2011இல், ஏழாம் பருவத்தின் இறுதிப் பகுதியில் கரெல் விலகிய பின் தொடர் அச்சாணி கழன்ற வண்டியாகிறது. எட்டாம் பருவம் பெரும்பாலும் சோர்வு தருவது. ஒன்பதாம் பருவத்தில் டானியல்ஸ் மீண்டும் பொறுப்பேற்றதால் கடைசி அங்கங்கள் தேறிவிடுகின்றன. இரட்டை அர்த்தப் பேச்சுகள் தொடர் முழுவதும் உண்டு. சிறுவர்களோடும் பெரியவர்களோடும் கூடத்தில் இருந்து பார்ப்பதற்கு உகந்ததல்ல.

தொகுப்பில் வெட்டி நீக்கப்பட்ட காட்சிகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் பல ஒளிபரப்பான காட்சிகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஆங்கில உபதலைப்புகள் இருப்பதால் வேகமான உச்சரிப்பும் சிரமம் தருவதில்லை. கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் மூலம் வாங்குவோர், அங்கு விற்கப்படும் இறுவட்டுகள் முதலாம் வலயத்துக்கு, அதாவது வட அமெரிக்கப் பிளேயர்களுக்கு உரியவை, மற்ற நாட்டுப் பிளேயர்களில் ஓடாமல் போகலாம் என்பதை மறக்கக்கூடாது. எல்லா வலயங்களையும் ஏற்கும் பிளேயர் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே சொல்லி அனுப்புங்கள்.