நான்கு வருடம், 15,200 கிலோமீட்டர்: புதுக்கோட்டை – செட்டிநாடு சாலைகளில் என் ரோட் சைக்கிள்

2021 ஆவணியில் வாங்கிய வண்டி. அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ கிளாரிஸ் 8 ஸ்பீடு கியர், முன்னால் 50-34 பல், பின்னால் 11-32 பல். மீட்டரில் இன்றைக்கு 15,200 கிலோமீட்டர் காட்டுகிறது. அதில் முக்கால்வாசி ஒரே சுற்றுப் பாதையில் ஓடியது. புதுக்கோட்டையில் கிளம்பி நமணசமுத்திரம், திருமயம், கடியாபட்டி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடி போய், நெடுஞ்சாலையிலேயே வீடு திரும்புவேன். மொத்தம் 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். இந்தப் பக்கம் ஓட்ட ரோட் சைக்கிள் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் எடையைப் பார்த்து வாங்காதீர்கள், ஃபிரேமில் எவ்வளவு அகலமான டயர் போகும் என்று பார்த்து வாங்குங்கள். நான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் புதுக்கோட்டையைத் தட்டை நிலம் என்று நினைக்கிறார்கள். சைக்கிளில் வந்தால் அப்படித் தோன்றாது. செம்புறாங்கல் மேடு, அதை அடுத்து ஒரு பள்ளம், பள்ளத்தில் கண்மாய், கண்மாய்க்கரை மேல் ஏறி ஓடும் ரோடு, கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு தாண்டியதும் சறுக்கல், மறுபடி மேடு. மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் ஊருக்கு ஊர் கரை போட்டிருக்கிறார்கள், அந்தக் கரைகளே சாலைக்கு அலை அலையான வடிவத்தைக் கொடுத்துவிட்டன. எந்த ஏற்றமும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளாது. ஆனால் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். இந்தத் தரைக்கு 34 பல் சின்ன ரிங் எதற்கு என்று முதல் வருடம் நினைத்தேன். ஆடி மாதம் பதில் சொன்னது. கானாடுகாத்தானுக்கு மேற்கே உள்ள கிராமச் சாலைகளில் ஆடிக்காற்று முகத்தில் அறையும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் போவதே பாடு. மலைக்கு வைத்த கியர் எனக்குக் காற்றுக்குத்தான் உதவுகிறது.

டயர் கதைக்கு வருகிறேன். வண்டியோடு வந்தது 25 மில்லிமீட்டர். கடையில் 110 பி.எஸ்.ஐ. காற்றடித்துக் கொடுத்தார்கள், அப்படித்தான் ஓட்டணுமாம். பெயின்ட் போயே போன வேகத்தடைகள், ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலை, தை மாதம் ரோட்டிலேயே பரப்பிக் காயவைத்த நெல். இரண்டு மாதத்தில் மணிக்கட்டு மரத்துப் போக ஆரம்பித்தது. 1,800 கிலோமீட்டரில் 28-க்கு மாற்றி, முன்னால் 65, பின்னால் 70 என்று காற்றைக் குறைத்தேன். என் எடை 58 கிலோ. அன்றிலிருந்து அதே ரோடு வேறு ரோடு. வேகமும் குறையவில்லை. என் ஃபிரேமில் 28-க்கு மேல் போகாது, அந்த ஒரு குறை எனக்கு இன்றும் உறுத்துகிறது. இன்று வாங்குவதென்றால் 32 போகிற வண்டிதான் வாங்குவேன்.

பஞ்சர். இந்த மாவட்டத்தில் அதன் பெயர் சீமைக்கருவேல முள். விறகுக்கு வெட்டி ரோட்டோரம் இழுத்துப் போனால் அடுத்த ஒரு வாரம் அந்தச் சாலை பக்கமே போகாதீர்கள். முள் குத்தியதும் உடைந்து, நுனி மட்டும் டயருக்குள் நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ட்யூபை மாற்றிப் போட்டு ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி உஸ்ஸென்று இறங்கும். ஒரே காலையில் மூன்று ட்யூப் போன பிறகு கற்ற வழி இது: டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு சின்னப் பஞ்சு உருண்டையைத் தேய்த்துக்கொண்டே போங்கள், முள் நுனி இருக்கும் இடத்தில் நூல் மாட்டி நிற்கும். அந்த இடத்தை வெளியிலிருந்து அழுத்தி, நுனியை நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடலாம். அதோடு ரோட் சைக்கிள் ட்யூபில் இருக்கும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ஒரு பித்தளை அடாப்டர் பையில் இருக்கட்டும். ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பு அது இல்லாமல் பிடிக்காது. ட்யூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றிய பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் நடுவழியில் நின்றது இரண்டே தடவை.

செயின் 3,500 கிலோமீட்டருக்கு ஒன்று, இதுவரை நான்கு மாற்றிவிட்டேன். செம்மண் தூசிதான் காரணம். கெட்டி எண்ணெய் போட்டால் தூசி ஒட்டி அரைத்த சாந்து மாதிரி ஆகிவிடும், தூசி அதிகம் ஒட்டாத ட்ரை லூப் எண்ணெய் போட்டுத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். 8 ஸ்பீடு என்பதால் செயின் விலை கையைக் கடிக்கவில்லை, எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது. பின் சக்கரம் இரண்டு தடவை கோட்டம் எடுத்தாயிற்று. ஐப்பசி மழையில் ரிம் பிரேக்கை நம்பி வேகம் போகாதீர்கள். பிரேக் கட்டையில் மணல் ஏறி ரிம்மைச் சுரண்டும் சத்தம் கேட்டால் உடனே இறங்கித் துடையுங்கள். ஒரு தடவை வீடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், ரிம்மில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியோடு வரும் சீட்டைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நடுவில் பள்ளம் விட்ட, பின்பக்கம் அகலமான சீட் போட்டேன், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 100-லிருந்து 80 மில்லிமீட்டராகக் குறைத்தேன். கழுத்து வலி போயிற்று.

இவ்வளவும் எதற்கு? விடியுமுன் 5 மணிக்குக் கிளம்பி வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்கு. ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்பது பழைய எல்லை. வெளிச்சம் வரும் நேரத்தில் திருமயம் பாறை முதலில் கறுப்பாகத் தெரியும், பிறகு அதன் மேல் 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டைச் சுவர் தனியாகப் பிரியும். சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து குடைந்த கோயில்கள் அதன் அடிவாரத்தில். எதிரே டீக்கடையில் ஒரு ஆத்தா சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, “ஏத்தா, இம்புட்டு ஒல்லியா இருக்கு, ஒன்னயத் தாங்குமா?” என்று கேட்டார். இப்போதும் பார்த்தால் முதலில் சக்கரத்தைத்தான் விசாரிப்பார்.

கானாடுகாத்தானுக்குள் நுழைந்தால் நான் பெடல் மிதிப்பதில்லை. தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில வீடுகளில் காரை உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது, பார்க்க மனசு கேட்காது. ஊருணிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். ஊரின் மழைத் தண்ணீர் வந்து சேர்வதற்கென்றே வெட்டிய குளம் அது. சித்திரையில் இரண்டு பாட்டில் தண்ணீர் காரைக்குடி வரை வராது, உப்புப் போட்ட மோர் எங்கே கிடைத்தாலும் குடித்துவிடுங்கள். நேரம் இருந்தால் ஆத்தங்குடிக்குத் திரும்பி, கண்ணாடித் தகட்டின் மேல் கையாலேயே வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் செய்வதைப் பார்க்கலாம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே சித்தன்னவாசல், குடுமியான்மலை சுற்றும் நல்ல சுற்றுதான், ஆனால் அங்கே நிழல் குறைவு, மார்கழி தையோடு சரி.

போன மாதம் அம்மா இதை ஓட்டிப் பார்த்தார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எங்கள் மாவட்டப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது வாடகைச் சைக்கிளில் பழகியவர். ஜென்ஸ் சைக்கிள்தான் வசதி, பாரில் உன்னை உட்கார வைத்து, கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போவேன் என்று இன்றும் சொல்வார். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, கேரியர் எங்கடி?” என்றார். இந்த ஃபிரேமில் கேரியர் மாட்டத் துளை இல்லை. அடுத்த வண்டியில் 32 டயரோடு அதுவும் இருக்கும்.