ஜூரர் நடுநிலை தவறினால் சிவில் தீர்ப்பு விழுமா? மூன்று வழிகள்

அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத்தில் சிவில் வழக்கில் தோற்றவர், ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு; அதன் உறுப்பினர் ஜூரர்) நடுநிலையாக இல்லை என்று காட்டி மறுவிசாரணை கேட்கலாம். தீர்ப்பாணை பதிவான 28 நாட்களுக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடுவை நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது. எதைக் காட்டி மனு போடுவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும்.

பலரும் முதலில் நாடுவது சக ஜூரரின் பிரமாணப் பத்திரத்தை. ஜூரி கூடிப் பேசும் அறைக்குள் இருந்தவரே சொல்கிறார், இதைவிட வலுவான சாட்சி ஏது என்று தோன்றும். உண்மையில் இதுதான் சொத்தை வழி. தெற்கு டகோட்டாவில் விபத்தில் காலை இழந்த வார்கர் தொடுத்த வழக்கில், தலைமை ஜூரர் தன் மகள் ஏற்படுத்திய உயிர்ப்பலி விபத்தைக் கலந்தாய்வில் பேசியதாக இன்னொரு ஜூரர் எழுதிக்கொடுத்தார். ஜூரர்கள் கலந்தாய்வில் பேசியதைச் சாட்சியமாக்கத் தடை போடும் 606ஆவது சாட்சிய விதிப்படி அது ஏற்கத்தக்கதல்ல என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இனவெறிப் பேச்சுக்கு 2017இல் விலக்கு கிடைத்தது. ஆனால் அது குற்ற வழக்கு, சிவில் அல்ல.

விசாரணைக்கு முன் கேள்வி கேட்டு ஆட்களை எடுக்கும் ஜூரித் தேர்வில் ஒருவர் மறைத்ததை வெளி ஆவணங்களால் நிரூபிப்பது இரண்டாவது வழி. 1984ஆம் ஆண்டு மெக்டொனோ தீர்ப்பு இதற்கு இரட்டைப் பூட்டு போட்டது: முக்கியமான கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும், சரியான பதில் அவரை நீக்கவே போதுமான காரணமாக இருந்திருக்க வேண்டும். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவர் இதில் சிக்கமாட்டார். மூன்றாவது தடையும் உண்டு, அது வழக்கறிஞரின் சோம்பல். ஆப்பிளுக்கு 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்ன 2012ஆம் ஆண்டு தீர்ப்புக்குப் பிறகு, தலைமை ஜூரர் வன்தட்டு தயாரிக்கும் சீகேட் நிறுவனத்துடனான பழைய வழக்கை மறைத்தார் என்றது சாம்சங். முன்பே தேடியிருந்தால் கிடைத்திருக்குமே என்று நீதிபதி லூசி கோ மனுவைத் தள்ளுபடி செய்தார். பணம் படைத்த நிறுவனத்துக்கே இந்தக் கதி.

வெளித் தகவல் உள்ளே நுழைந்தது என்பது மூன்றாவது வழி. இணையத்தில் தேடியது, விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்த்தது, வழக்குத் தரப்பினரோடு பேசியது போன்றவை. இங்கு மட்டும் ஜூரர் தாராளமாகச் சாட்சி சொல்லலாம். ஆனால் என்ன நுழைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது தன் மனத்தை எப்படி மாற்றியது என்று சொல்லக் கூடாது. ஆதாரம் இருந்தால் நான் இதைத்தான் தேர்வேன்.

கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் இந்த வரிசை மாறும். அங்கே அறைக்குள் பேசிய பேச்சும் சாட்சியமாக ஏற்கப்படுவதால், வார்கருக்காகக் கொடுக்கப்பட்ட அந்தப் பத்திரத்தை நீதிபதி குறைந்தது படித்தாவது பார்த்திருப்பார்.