கூகுளின் போக்கு பிடிக்கவில்லையா: மனு, வெளிநடப்பு, சங்கம், ராஜினாமா – எது எதுவரை போகும்?

கம்பெனி போகிற பாதை பிடிக்காத ஊழியர்கள் எங்கும் உண்டு. அவர்களுக்கு இருக்கும் வழிகள் ஏறக்குறைய அத்தனையும் ஒரே இடத்தில், ஏழெட்டு ஆண்டுகளுக்குள், ஊரறியச் சோதிக்கப்பட்டது கூகுளில்தான். எந்த வழி எதைச் சாதித்தது, எங்கே முறிந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை. இங்கே வரும் சட்ட விவரங்கள் அமெரிக்காவுக்கு, சில இடங்களில் கலிபோர்னியாவுக்கு மட்டும் உரியவை. ஹைதராபாத், பெங்களூரு அலுவலகங்களுக்குப் பொருந்தாது.

முதலில் குறையின் ரகத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சம்பளம், பாலியல் தொந்தரவு, ஆட்குறைப்பு போன்றவை பணிச்சூழல் சார்ந்தவை. நாலு பேர் சேர்ந்து இவற்றைப் பேசினால் 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், 7ஆம் பிரிவு, கைகொடுக்கும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் அது பொருந்தும். ஆள் சேர்க்க, நீக்க அதிகாரமுள்ள மேலாளருக்குப் பொருந்தாது. “இந்தத் தொழில்நுட்பத்தை ராணுவத்துக்கு விற்காதே” என்பது வேறு ரகம். அது வியாபார முடிவு. அதை எதிர்ப்பவருக்கு இந்தச் சட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. இந்த வித்தியாசம் தெரியாமல் இறங்கியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

மனு

மலிவான வழி இதுதான். ஒரு முறை பெரிதாக வென்றதும் இதுதான். டிரோன் காணொளிகளைக் கணினியே அலசித் தரும் பென்டகனின் ‘மேவன்’ திட்டத்தில் கூகுள் இருப்பது 2018 மார்ச்சில் வெளியே தெரிந்தது. ஏப்ரலில் 3,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட கடிதம் சுந்தர் பிச்சைக்குப் போனது. பிறகு அது 4,000ஐத் தாண்டியது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலையை விட்டார்கள். ஜூன் தொடக்கத்தில், 2019இல் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிறுவனம் சொன்னது. ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தர மாட்டோம் என்ற கொள்கை அறிக்கையும் அதே மாதம் வந்தது.

கையெழுத்து எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தப்புக் கணக்குப் போட்டுவிடுவோம். அன்று மூன்று விஷயங்கள் கூடி வந்தன. புதுப்பிக்கும் தேதி எட்டும் தூரத்தில் இருந்தது. ஆகவே யாரும் ஒப்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை, நீட்டாமல் விட்டாலே போதும். தொகையும் சிறியது: 90 லட்சம் டாலர் அளவு என்று அப்போது செய்தி வந்தது. இந்தத் துறையில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் வேறு. இஸ்ரேல் அரசுடனான ‘நிம்பஸ்’ ஒப்பந்தத்தில் இவற்றில் எதுவும் இல்லை. 2021இல் கூகுளும் அமேசானும் சேர்ந்து எடுத்த அதன் மதிப்பு 120 கோடி டாலர். அதற்கு எதிராகவும் மனுக்கள் போயின, ஒப்பந்தம் அசையவில்லை.

மனுவால் வென்றது நிலைக்குமா என்றால், 2025 பிப்ரவரியில் அந்தக் கொள்கை அறிக்கையிலிருந்து ஆயுதம், கண்காணிப்பு பற்றிய உறுதிமொழி சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. ஏழாண்டுகூட முழுதாக ஆகவில்லை. நிர்வாகம் தானாகக் கொடுத்த வாக்கைத் தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் போட எந்த ஏட்டிலும் பிடி இல்லை.

வெளிநடப்பு

2018 நவம்பர் 1. அந்தந்த ஊர் நேரப்படி காலை 11:10. டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் தொடங்கி, பொழுது விடிய விடிய மேற்கே நகர்ந்தது. மேசையில் ஒரு தாள்: நான் இருக்கையில் இல்லை, பாலியல் தொந்தரவைக் கண்டித்து மற்றவர்களோடு வெளியே போயிருக்கிறேன் என்ற பொருளில். அமைப்பாளர்கள் சொன்ன கணக்கு 20,000 பேர். பாலியல் புகாருக்குப் பின் ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ரூபினுக்கு 9 கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியதுதான் பொறி. புகாரை ரூபின் மறுத்தார்.

கேட்டது ஐந்து. உருப்படியாகக் கிடைத்தது ஒன்று: நீதிமன்றம் போக விடாமல் தனி நடுவரிடம் தள்ளும் கட்டாய நிபந்தனை ஒரே வாரத்தில் பாலியல் புகார்களுக்கு நீக்கப்பட்டது, 2019 மார்ச்சிலிருந்து எல்லா ஊழியர் வழக்குகளுக்கும் நீக்கப்பட்டது. இயக்குநர் குழுவில் ஊழியர் பிரதிநிதி என்ற கோரிக்கை தொடப்படவே இல்லை. வெளி நிறுவனம் மூலம் வேலை செய்யும் ஒப்பந்த ஊழியருக்கு அந்த வெற்றியும் போய்ச் சேரவில்லை. ஆனாலும், மனுவோடு ஒப்பிட்டால் இது தங்கிய வெற்றி. குறை பணிச்சூழல் சார்ந்தது, ஆகவே சட்டத்தின் காப்பு இருந்தது. கிடைத்த மாற்றமும் ஒப்பந்தத் தாளில் ஏறியது.

விலை கொடுத்தவர்கள் முன்னால் நின்றவர்கள். அமைப்பாளர்களான கிளேர் ஸ்டேபிள்டனும் மெரிடித் விட்டேக்கரும் தங்களைப் பழிவாங்குவதாகச் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது, 2019 கோடைக்குள் இருவரும் வெளியேறிவிட்டார்கள். பழிவாங்கல் என்று, மேலே சொன்ன சட்டத்தைச் செயல்படுத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் செய்ய ஆறு மாதமே கெடு. வென்றாலும் கிடைப்பது திரும்ப வேலையும் விட்டுப்போன சம்பளமும்தான். அபராதம் என்று ஒன்று கிடையாது. பெரிய நிறுவனத்துக்கு இது பெரிய பயமில்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உள்ளிருப்பு

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2024 ஏப்ரல் 16 அன்று நிம்பஸை எதிர்த்து நியூயார்க் அலுவலகத்திலும், சன்னிவேலில் கிளவுட் தலைவர் தாமஸ் குரியனின் அறையிலும் உட்கார்ந்தார்கள். ஒன்பது பேர் கைதானார்கள். மறுநாளே 28 பேர் வேலை நீக்கம். அடுத்த சில நாட்களில் அது 50 அளவுக்கு ஏறியது. “இது வணிக நிறுவனம்” என்ற தொனியில் பிச்சை ஒரு குறிப்பு அனுப்பினார். முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து, போகச் சொன்னபின் போக மறுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1939லேயே பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே வைத்துவிட்டது. உலகச் செய்தியாக வேண்டும் என்றால் இது பலிக்கும். வேலையும் வேண்டும் என்றால் பலிக்காது.

சங்கம்

2021 ஜனவரியில், கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பெயரில், ஆல்ஃபபெட் தொழிலாளர் சங்கம் இருநூற்றுச் சொச்சம் பேரோடு தொடங்கியது. சந்தா, வருமானத்தில் 1 சதவீதம். இது சிறுபான்மைச் சங்கம்: வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றதல்ல, ஆகவே கூட்டுப் பேரத்துக்கு உட்காரும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆள் உள்ள நிறுவனத்தில் அதன் பலம் வக்கீல், விளம்பரம், ஆவணம் ஆகியவற்றில்தான். இன்னொரு நல்லது, ஒப்பந்த ஊழியரும் சேரலாம்.

முறையான வாக்கெடுப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் சாட்சி. யூடியூப் மியூசிக் வேலையைச் செய்துவந்த காக்னிசன்ட் ஊழியர்கள் (ஆம், சென்னையில் பிறந்த அதே காக்னிசன்ட்) 2023 ஏப்ரலில் 41–0 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கூகுளும் இணை முதலாளி என்று வாரியம் சொன்னது. கூகுள் பேச மறுத்து மேல்முறையீடு போனது. 2024 பிப்ரவரி கடைசியில், நகர மன்றத்தில் அவர்கள் தரப்பு பேசிக்கொண்டிருந்த வேளையில், குழுவில் 43 பேருக்கும் வேலை போன செய்தி வந்தது. ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்தது என்பது கூகுளின் பதில். ஒருமனதான வாக்கைக்கூட ஒப்பந்தம் முடியும் தேதி தோற்கடித்துவிடும் என்பதால், ஒப்பந்த ஊழியர் முதலில் தேட வேண்டியது அந்தத் தேதியை.

ராஜினாமா

சீனாவுக்கான தணிக்கைத் தேடுபொறி ‘டிராகன்ஃபிளை’யை எதிர்த்து 2018 ஆகஸ்டில் 1,400 பேர் கையெழுத்திட்டார்கள், ஆராய்ச்சியாளர் ஜாக் பௌல்சன் விலகி, வெளியிலிருந்து பேசினார், செனட்டுக்கும் எழுதினார். 2019 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டதாகக் கூகுள் அதிகாரி செனட் குழுவிடம் சொன்னார். உள்ளே இருந்த கையெழுத்தும் வெளியே வந்த குரலும் சேர்ந்தபோது வலு கூடியது. தனியாக, காரணம் சொல்லாமல் போகும் ராஜினாமா நிறுவனத்துக்கு வெறும் காலியிடம்.

போவது என்று முடிவானால் வரிசை முக்கியம். சம்பளத்தோடு தவணையாகத் தரும் நிறுவனப் பங்குகளில் இன்னும் கைக்கு வராதவை விலகும் நாளோடு போய்விடும்; நோட்டீஸ் கொடுத்த அன்றே கணக்கை மூடி அனுப்புவதும் நடக்கும். ஆகவே பங்கு கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்தபின் கடிதம் கொடுங்கள். பங்கு ஏறும்போது மத்திய வரிக்குப் பெரும்பாலும் 22 சதவீதமே பிடிப்பார்கள். உங்கள் வரி வரம்பு 35 சதவீதம் என்றால் மிச்சத்தை அடுத்த ஏப்ரலில் கட்ட வேண்டிவரும், அதை எடுத்து வையுங்கள். நியமனக் கடிதம், பங்கு ஒப்பந்தங்கள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை முன்பே சேமியுங்கள். 2023 ஜனவரியில் 12,000 பேரை நீக்கியபோது, லாகின் வேலை செய்யாததை வைத்தே பலர் செய்தியை அறிந்தார்கள். அலுவலக மின்னஞ்சல்களைச் சொந்த முகவரிக்குத் தள்ளிவிடுவது மட்டும் கூடாது. நியாயமான வழக்கையும் அது கெடுக்கும். விட்டுப்போனதைக் கலிபோர்னியாவில் எழுதிக் கேட்கலாம்: சம்பளப் பதிவுக்கு 21 நாள், பணிக் கோப்புக்கு 30 நாள் கெடு.

எச்-1பி என்றால் வேலை முடிந்த நாளிலிருந்து அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாள். தானாக விலகினாலும் அதே கணக்கு. கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டு 180 நாள் கடந்திருந்தால், பழைய முதலாளி அதைத் திரும்பப் பெற்றாலும், அதை வைத்து எச்-1பியை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டும் வாய்ப்பு போகாது. 170ஆவது நாளில் கோபப்படுபவர் இன்னும் பத்து நாள் பொறுப்பது நல்லது. மருத்துவக் காப்பீட்டைக் கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் 18 மாதம் நீட்டலாம், ஆனால் பிரீமியத்தில் 102 சதவீதம்வரை உங்கள் பை.

பணம் தந்து அனுப்பும் விருப்ப விலகல் திட்டத்தைக் கூகுள் 2025 ஜனவரியில் பிக்சல், ஆண்ட்ராய்டு பிரிவில் தொடங்கி, பிறகு வேறு பிரிவுகளுக்கும் நீட்டியது. சும்மா எழுதிக் கொடுப்பதைவிட இதற்குக் காத்திருப்பது லாபம். கையெழுத்துக்கு அவசரப்படுத்தினால் ஏமாற வேண்டாம்: இப்படிக் குழுவாக அனுப்பும் திட்டத்தில், வழக்கு உரிமையை விட்டுத்தரும் 40 வயது நிறைந்தவருக்கு யோசிக்க 45 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் சட்டப்படி உண்டு.