கிணற்றுத் தண்ணிக்குள் கம்பி விட்டுக் காட்டுகிறவர்கள்: பரந்தன், கிளிநொச்சி ஆட்கள் கவனம்

போன மாதம் டை கட்டிய இரண்டு பெடியன்கள் பரந்தனில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "அம்மா, உங்கட தண்ணியை இலவசமாப் பாத்துத் தாறம்" என்றார்கள். ஒரு கிளாசில் எங்கள் கிணற்றுத் தண்ணி, மற்றதில் அவர்கள் கொண்டுவந்த பில்டர் தண்ணி. நாலு கம்பி நீட்டிய பெட்டியொன்றை இரண்டுக்கும் மேல் வைத்துப் பிளக்கைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் தண்ணி பச்சையாகி, பிறகு மண்ணிறமாகிச் சேறுபோல மிதந்தது. அவர்களுடையது அப்படியே கிடந்தது.

"இதைத்தான் குடிக்கிறீங்கள்."

வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக வருத்தத்தைக் கேள்விப்பட்டிருந்த அம்மாவுக்கு அது போதும். அவர்கள் விற்ற பில்டருக்கு முற்பணம் 20,000 ரூபாய் கொடுத்துவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வெட்கம்.

பின்னேரம் அக்காவின் மகள் வந்தாள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறவள். "அவையின்ர தண்ணிக்குள்ள ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னீங்களா மாமா?" என்றாள். சேறு தண்ணியில் இருந்ததில்லையாம். கரண்ட் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக வருவதாம். கிணற்றுத் தண்ணியில் உப்புகள் கரைந்திருப்பதால் கரண்ட் பாயும். அவர்களின் பில்டர் அந்த உப்புகளை எடுத்துவிடுவதால் அந்தத் தண்ணியில் பாய்வது மிகக் குறைவு. அவர்கள் விட்டுப்போன போத்தல் தண்ணியில் உப்புப் போட்டு, இரண்டு ஆணியை மோட்டார்சைக்கிள் பற்றறியில் கொழுவினேன். அதே சேறு!

ஆணியோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த நாள் பழைய டோர்ச் பற்றறிக் கரிக்குச்சிகளை மாட்டி, உப்பை அள்ளிப் போட்டு, பிள்ளைகள் தொடாமல் இருக்கட்டும் என்று குளியலறைக் கதவையும் சாத்திக்கொண்டேன். கிணற்றுக்குக் குளோரீன் போட்ட அன்று வருமே ஒரு மணம், அது பத்து மடங்கு. தொண்டை எரிந்து, இருமிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பக்கத்து வீட்டு ஐயா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்துக் கரண்ட் விட்டு, கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எடுத்த இடம். நல்ல ஏச்சு விழுந்தது. "ஒரு பக்கம் குளோரீன், மற்றப் பக்கம் ஐதரசன். குளோரீன் காத்தைவிடக் கனம், கீழ தங்கும். 1915இல சண்டையில ஆக்களைக் கொல்ல விட்ட வாயுவடா அது. பூட்டின அறைக்குள்ளயோ செய்யிறது?" ஐதரசன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றுமாம். பற்றறிக் கிளிப்பைக் கழற்றும்போது பொறி பறந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. எவர்சில்வர் கரண்டியை மாட்டினால் இன்னும் மோசம்: அதிலுள்ள குரோமியம் கரைந்து புற்றுநோய் தரும் வடிவில் தண்ணியில் சேரலாம்.

பிறகு நீர் வழங்கல் சபையில் கொடுத்துப் பரிசோதித்தோம். கல்சியம்தான் அதிகம், வேறு குறையொன்றும் இல்லை. கேத்திலில் வெள்ளை படியாத வீடு வன்னியில் எங்கே இருக்கிறது?

ரசீதில் விலாசம் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. அந்தப் பெடியன்கள் இப்போது முரசுமோட்டைப் பக்கம் திரிவதாகக் கேள்வி. வந்தால் உப்புப் போத்தலை எடுத்து வையுங்கள்.