ஹாலோ பிளாக் சுவரில் சோலார் இன்வெர்ட்டர் மாட்டப் போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டு மாட்டுங்கள்

மதுரையில் இப்போது எந்தத் தெருவுக்குள் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு மானியம் தருகிற பிஎம் சூர்ய கர் திட்டம் 2024-இல் வந்தபிறகு, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், போடுங்கள். ஆனால் பேனலின் வாரண்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற கம்பெனிக்காரர்கள், பேனலின் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டரை எந்தச் சுவரில் எதை வைத்து மாட்டுவோம் என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

எங்கள் வீடு ஊமச்சிகுளம் பக்கம். மாடிப்படி முடிகிற ஹெட் ரூமில் தூணும் லிண்டலும் கான்கிரீட், நடுவில் அடைப்பு முழுக்க ஹாலோ பிளாக். 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 17 கிலோ எடை. மாட்ட வந்த இரண்டு பையன்களும் சுவர் என்ன சுவர் என்று கேட்கவே இல்லை. டிரில் கொஞ்ச தூரம் உறுமிக்கொண்டு போனது, அப்புறம் சட்டென்று உள்ளே விழுந்தது. ஒவ்வொரு துளையிலும் அப்படித்தான். பிளாக்கின் ஓடு ஓர் அங்குலம் இருந்தால் அதிகம், அதற்குப் பின்னால் வெறும் பொந்து. அந்தப் பொந்துக்குள் பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி, பெட்டியோடு வந்த திருகையே முடுக்கிவிட்டார்கள். "இது நிக்குமாப்பா?" என்று கேட்டதற்கு, "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சார் போடுறோம்" என்று பதில் வந்தது.

கத்திரி வெயிலில் வடகம் காயப்போட மாடிக்குப் போன அம்மாதான் முதலில் கவனித்தார். "டேய், அந்தப் பெட்டி ஒரு பக்கமா இறங்குன மாதிரி இருக்கு, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால் இடது பக்கம் பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. பூச்சு வட்டமாகப் பெயர்ந்து நின்றது. அடியில் டிசி வயர் விறைத்துப்போய்க் கனெக்டரை இழுத்துக்கொண்டிருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டதும் ஆள் அனுப்பினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தவர் துளையைப் பெரிதாக்கி, பெரிய பிளக் வைத்து, வெள்ளை சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். பொந்துக்கு எதைப் பூசி என்ன? மறுபடியும் இறங்கியது.

பெட்டி விழுந்து உடைந்தால் பண நஷ்டம், அது ஒரு பக்கம். எனக்குப் பயம் வேறு. எங்கள் மாடியில் பத்து பேனல் தொடராக இணைந்திருக்கிறது. நல்ல வெயிலில் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். கரண்ட் போனாலும் மெயினை இறக்கினாலும், வெயில் இருக்கிற வரை பேனலிலிருந்து வருகிற வயரில் அந்த வோல்டேஜ் நிற்கும். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி அணைய ஒரு வாய்ப்பு உண்டு. டிசியில் அது கிடையாது. எடை இழுத்து கனெக்டர் லேசாக விலகினால் போதும், அந்தப் பொறி நின்று எரியும்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தான் வந்து, "தம்பி, முதல்ல ஏசி பிரேக்கரை இறக்கு, அப்புறம் டிசி ஐசொலேட்டர். கனெக்டர்ல கை வைக்காத" என்றார். டிசி ஐசொலேட்டர் என்பது பேனல் வயரை இன்வெர்ட்டரிலிருந்து துண்டிக்கிற சுவிட்ச். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும், பெட்டியில் எழுதியிருக்கிற நேரம் வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று சொல்லி, அதன்பிறகுதான் அடியில் முட்டுக் கொடுக்க விட்டார். பேனலை இன்வெர்ட்டரோடு சேர்க்கிற எம்சி4 கனெக்டரை, ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்துக் கழற்றவே கூடாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு ஃபிரேம் அடித்தோம். கால் இரண்டும் பட்டைத் தகட்டோடு தரையில் உட்காருகின்றன, எடை முழுக்க அங்கே இறங்கிவிடுகிறது. தளத்தில் துளை போடவில்லை, போட்டால் ஒழுகும். சரிந்துவிடாமல் இருக்க மேலே லிண்டல் கான்கிரீட்டில் இரண்டு ஆங்கர் போல்ட். ஃபிரேமுக்குத் தனியாக எர்த் கொடுத்தோம். முன்பு சீலிங்கை ஒட்டி மாட்டியிருந்த பெட்டியையும் கீழே இறக்கிவிட்டோம். மேனுவலில் மேலே 30 சென்டிமீட்டர் விடச் சொல்லி இருக்கிறது, அவர்கள் ஒரு சாண்கூட விடவில்லை. சூடு மேலே போக வழியில்லாவிட்டால் இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் அது நேராக யூனிட் நஷ்டம்.

உங்கள் வீடு செங்கல் சுவர் என்றால் பிரச்சினை குறைவு. ஆங்கரை மட்டும் செங்கலின் நடுவில் போடச் சொல்லுங்கள், சாந்து இணைப்பில் வேண்டாம். மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை உதிரும், அங்கே ஃபிரேம்தான் நல்லது. காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த வெள்ளை ஏஏசி பிளாக்குக்குச் சாதாரண ஆங்கர் பிடிக்காது. துளையில் பசை ஊற்றி ஒட்டவைக்கிற கெமிக்கல் ஆங்கரோ சுவரின் மறுபக்கம் வரை போகிற போல்ட்டோ வேண்டும். பிளைவுட் பலகை அடித்து அதில் மாட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது எரியும். மேற்கு வெயில் விழுகிற சுவரும், பேட்டரிக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நேர் மேலேயும் வேண்டாம். எந்தச் சுவர், எந்த ஆங்கர் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கடைசித் தவணையை மாட்டி முடித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

ஃபிரேம் செலவைக் கேட்டதற்கு, "சுவர் வேலை எங்க கணக்குல வராது சார்" என்கிறது கம்பெனி. கொட்டேஷனில் 'மவுண்டிங் உட்பட' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். துளைகளின் படம், பெயர்ந்த பூச்சின் படம், கொட்டேஷன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.