பாலக்காட்டில் வீட்டுச் சாப்பாடு: எங்கே, எப்போது, எதைக் கேட்டு வாங்குவது

பாலக்காட்டில் ‘வீட்டில் ஊண்’ என்று பலகை மாட்டிய கடைகளுக்குக் குறைவில்லை. பலகையை நம்பி உட்கார்ந்தால் பல இடங்களில் கோயம்புத்தூர் ஹோட்டல் சாம்பாரே இலைக்கு வரும். தமிழ்நாட்டு எல்லையான வாளையார் வழியாக வருகிறவர்களின் நாக்குக்கு ஏற்றபடி சமைப்பதால் அப்படி. இந்த ஊர்த் தமிழ் அடுப்படியின் கைமணம் வேண்டுமென்றால், உட்காரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: “இன்னிக்கு மொளகூட்டல் உண்டா?”

மொளகூட்டலில் புளி கிடையாது. வெந்த பருப்பு, ஒரு காய் (பூசணி, புடலை, கீரை எதுவானாலும்), அதோடு தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய் மூன்றையும் சேர்த்து அரைத்த விழுது. தேங்காய் எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சாமான் இவ்வளவு குறைவு என்பதால் தப்பு நடந்தால் மறைக்க இடமில்லை. அரை மூடித் தேங்காய்க்கு ஒரு டீஸ்பூன் சீரகம் தாராளம். அதற்கு மேல் போனால் கசப்புத் தட்டும். விழுதை விட்டபின் ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். அடுப்பிலேயே கிடந்தால் தேங்காய் திரிந்து, மேலே தண்ணீரும் அடியில் சக்கையுமாகப் பிரியும். கரண்டியால் ஒருமுறை ஊற்றும்போதே இது தெரிந்துவிடும். வெங்காயமும் பூண்டும் போட்டிருந்தால் அது வேறு ஏதோ கூட்டு.

கூடவே புளிப்பாக ஒன்று வருகிறதா என்று பாருங்கள். புளிப் பச்சடியோ, மோரில் தேங்காய் அரைத்துவிட்ட அரைச்சுக்கலக்கியோ இல்லாமல் மொளகூட்டல் சாதம் நாலு கவளத்துக்கு மேல் இறங்காது. இந்த ஜோடியைத் தெரிந்து பரிமாறுகிற கடை சமையல் தெரிந்த கடை. அங்கே மற்ற பதார்த்தங்களையும் நம்பிச் சாப்பிடலாம். சாம்பார் போடும் நாளானால், கொத்தமல்லி விதை, வெந்தயம், மிளகாய், தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்த வாசனை வர வேண்டும். பாக்கெட் பொடிச் சாம்பாரில் பெருங்காயம்தான் முதலில் மூக்கில் ஏறும்.

மணி முக்கியம். மதியம் 12:30-லிருந்து 1:30-க்குள் போய்விடுங்கள். மலைக் கணவாயில் இருக்கும் இந்த ஊரின் மார்ச், ஏப்ரல் வெயிலில் அரைத்த தேங்காய் சேர்ந்த எதுவும் வெகுநேரம் தாங்காது. இரண்டரை மணிக்கு மேல் லேசாகப் புளித்த வாடை வந்தால் ஒதுக்கிவிடுவதே நல்லது. மட்டை அரிசியா (கேரளச் சிவப்புப் புழுங்கலரிசி), பொன்னியா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மொளகூட்டலுக்குப் பொன்னிதான் இசையும். பருமனான மட்டை அரிசிச் சோற்றில் அது ஒட்டாமல் நழுவும். மீன் குழம்புக்கு மட்டை அரிசி அருமை.

கல்பாத்திக்குப் போகிறவர்கள் அக்கிரகாரத்தில் தெருவெங்கும் சாப்பாட்டுக் கடை இருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். அங்கே நல்ல சமையல் வீடுகளிலும் விசேஷச் சமையல்காரர்களிடமும்தான் இருக்கிறது. அப்பளம், வடாம், கொண்டாட்டம் (காய் வற்றல்) வாங்க அந்தத் தெருக்களை மிஞ்ச இடமில்லை. நவம்பரில் தேர் சமயத்தில் கூட்டத்துக்காகச் சமைப்பார்கள்; அதை வைத்து எந்தக் கடையையும் எடைபோட வேண்டாம்.

காலை என்றால் இட்லிக்குப் பேர்போன ராமசேரி கிராமம். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், எலப்புள்ளிப் பக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் வழிவழியாக இந்த இட்லியைச் சுடுகின்றன. இப்போது சில வீடுகளே இதைத் தொடர்கின்றன. அந்த உழைப்புக்காகவே ஒருமுறை போக வேண்டும். மண் வளையத்தில் நூலை வலைபோலக் கட்டி, அதன்மேல் நனைத்த துணி விரித்து, மாவைத் தோசைபோல் வட்டமாக ஊற்றுவார்கள். கொதிக்கும் பானையின் வாயில் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே ஒரு பானையைக் கவிழ்ப்பார்கள். துளையில்லாத குழித்தட்டில் ஆவி அடியில் நேராகப் படாது. இங்கே துணி வழியாக அடியிலிருந்தே ஊடுருவும். அதனால்தான் தட்டையாக இருந்தும் நடுவில் மாவு நிற்பதில்லை.

டவுன் ஹோட்டல்களில் ‘ராமசேரி இட்லி’ என்று வருவதில் பல வெறும் தட்டு இட்லி. திருப்பிப் பாருங்கள்: அடியில் துணியின் இழைத்தடம் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் தட்டில் வார்த்தது. ஓரம் ஈரமாகக் கொழகொழத்தால் மூடியில் வழிந்த தண்ணீர் சொட்டியிருக்கிறது. ராமசேரியிலேயே பகவதி கோயிலுக்கு எதிரே உள்ள சரஸ்வதி டீ ஸ்டாலில் சுடச்சுடக் கிடைக்கும். சட்னி, சாம்பாரைவிடப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தொட்டால்தான் மாவின் இனிப்பு தெரியும். ஞாயிறு காலையில் காத்திருக்க வேண்டிவரும். வார நாளில் எட்டு மணிக்குப் போவது உத்தமம்.

பார்சல் வாங்கினால் சட்னியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், முடிந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள், பொடி போதும். இட்லி ஆறியபின் கட்டினால் வியர்க்காது, மறுநாளும் கெடாது. வீட்டில் இரண்டு நிமிடம் ஆவியில் காட்டினால் பழைய மென்மை திரும்பும்.